ஒரு சிப்பாய் கூடுதல், ஆனாலும் டிரா: மார்ஷல் தாக்குதலில் 14 மாதம்

கேள்வி, 2024 பிப்ரவரி 9

உங்கள் ஆட்டத்தைப் பார்த்தேன். 52 நகர்வு, 14 மாதம், முடிவு டிரா. இரண்டு பக்கமும் கணினியை வைத்துக்கொண்டு, தூரத்திலிருந்து நகர்வுகளை ஒவ்வொன்றாக அனுப்பி ஆடுகிற கரஸ்பாண்டன்ஸ் செஸ்ஸில் மனிதனுக்கு என்ன வேலை? கறுப்பு ஒரு சிப்பாயைக் கொடுத்துத் தாக்குகிற மார்ஷல் ஓப்பனிங் என்றாலே டிரா என்பது எல்லாருக்கும் தெரிந்த விஷயம். ஒரு சிப்பாய் கூடுதலாக இருந்தும் உங்களால் ஜெயிக்க முடியவில்லை. இதற்கு ஏன் இவ்வளவு மெனக்கெடல்?

பிப்ரவரி 9, இரவு

மெனக்கெட்டதே அந்த ஒரு சிப்பாய்க்காகத்தான். பத்தாவது நகர்வில் கைக்கு வந்தது. 52-ஆவது நகர்வில் டிராவுக்கு ஒப்புக்கொண்டபோதும் பலகையில் இருந்தது. அது ஏன் வெற்றியாகவில்லை என்பதுதான் எனக்கு 14 மாதமும் கேள்வி. பதில் கடைசி மூன்று மாதத்தில்தான் கிடைத்தது. நாளை எழுதுகிறேன்.

பிப்ரவரி 10

முதலில் தொடக்கம். நாங்கள் அனுப்பிக்கொள்கிற எண்களிலேயே தருகிறேன். ஏ முதல் எச் வரையான வரிசைகளுக்கு 1 முதல் 8. கிளம்பும் கட்டம் இரண்டு இலக்கம், சேரும் கட்டம் இரண்டு இலக்கம். இ2-இல் இருந்து இ4 என்றால் 5254. எந்த நாட்டுக்காரருக்கும் எந்த மொழியும் தெரிய வேண்டாம். அஞ்சலட்டைக் காலத்தில் பிறந்த முறை.

வெள்ளை எனக்கு. ஒவ்வொரு வரியிலும் முதலில் என் நகர்வு, அடுத்து அவருடையது.

1. 5254 5755
2. 7163 2836
3. 6125 1716
4. 2514 7866
5. 5171 6857
6. 6151 2725
7. 1423 5878
8. 3233 4745

ஸ்பானிஷ் தொடக்கம். எட்டாவது நகர்வில் கறுப்பு டி5 தள்ளுகிறாரே, அதுதான் மார்ஷல். இ5-இல் நிற்கும் தன் சிப்பாயைக் கொடுத்துவிடுகிறார்.

9. 5445 6645
10. 6355 3655
11. 5155 3736

எண்ணிப் பாருங்கள். வெள்ளைக்கு ஏழு சிப்பாய், கறுப்புக்கு ஆறு. ஆனால் வெள்ளையின் ராணி பக்கத்துக் காய்கள் ஒன்றும் எழுந்திருக்கவில்லை. ஏ1 யானை, பி1 குதிரை, சி1 பிஷப் மூன்றும் தூங்குகின்றன. கறுப்பின் காய்களோ அடுத்த சில நகர்வில் என் ராஜாவின் வாசலில் நிற்கும்.

12. 4244 5746
13. 5551 4884
14. 7273 8483

கறுப்பு ராணி எச்3-இல் வந்து உட்கார்ந்துவிட்டது. இங்கேயிருந்து அதைக் கிளப்புவது லேசில்லை.

பிப்ரவரி 10, சற்றுப் பிறகு

ஒருவர் உடனே கேட்டார்: இங்கே யானையை இ4-க்கு ஏற்றி, அடுத்து எச்4-க்குக் கொண்டுவந்து ராணியை விரட்டலாமே?

ஆடுகிறார்கள். 5154 வந்ததும் கறுப்பு 7775, அதாவது ஜி5 தள்ளுவார். யானை எச்4-க்கு வந்தால் சிப்பாய் வெட்டிவிடும். ஜி5 சிப்பாயைப் பிஷப்பால் வெட்டினால் 8365, ராணி எஃப்5-க்கு வந்து யானை, பிஷப் இரண்டின் மேலும் கண் வைக்கும். நல்ல வழிதான், ஆனால் இதில் ஒரு உலக சாம்பியனுக்கு நடந்தது எனக்கு மறக்காது.

2004, ஸ்விட்சர்லாந்தின் பிரிசாகோ. கிராம்னிக்குக்கும் லேகோவுக்கும் உலகப் பட்டத்துக்கான போட்டி, எட்டாவது ஆட்டம். வெள்ளையில் ஆடிய கிராம்னிக் இதே வழியை வீட்டில் கணினியோடு தயார் செய்துகொண்டு வந்தார். ராணியைக் கொடுத்து ஒரு யானையை வாங்கிக்கொண்டு, ஏ வரிசைச் சிப்பாயை ஓடவிட்டு ராணியாக்குவது திட்டம். 25-ஆவது நகர்வில் லேகோ 7643 ஆடினார். ராணி ஜி6-இல் இருந்து டி3-க்கு. வெள்ளைச் சிப்பாய் ஓடி முடிப்பதற்குள் வெள்ளை ராஜா மாட்டிக்கொண்டது. 32 நகர்வில் ஆட்டம் முடிந்தது. கணினியை இன்னும் கொஞ்ச நேரம் ஓடவிட்டிருந்தால் அந்த நகர்வை அதுவே காட்டியிருக்கும். (கடைசி ஆட்டத்தை ஜெயித்து 7-7 ஆக்கி கிராம்னிக் பட்டத்தைக் காப்பாற்றிக்கொண்டார்.)

உங்கள் கேள்வியில் முதல் பாதிக்கு இது ஒரு பதில். கணினி சொன்னதை எடுத்துக்கொண்டு போவது வேறு, எந்த இடத்தில் அதை இன்னும் தோண்ட வேண்டும் என்று தெரிவது வேறு. கரஸ்பாண்டன்ஸில் பத்து நகர்வுக்கு 50 நாள். தோண்டுவதற்கு நேரம் இருக்கிறது. எங்கே தோண்டுவது என்பதுதான் வேலை.

பிப்ரவரி 11

நான் யானையை ஏற்றவில்லை. பழைய வழியில் போனேன்.

15. 3153 3874
16. 4143 1858
17. 2142 5856
18. 1214 8385
19. 1425 1625

பதினேழாவதில் கறுப்பு யானையை இ6-க்குத் தூக்குவது ஸ்பாஸ்கி காலத்து யோசனை. 1965-இல் திபிலிசியில், உலக சாம்பியனோடு மோதப்போவது யார் என்று தீர்மானிக்கும் கேண்டிடேட்ஸ் போட்டியின் இறுதியில், தால் எதிரில் ஸ்பாஸ்கி மார்ஷலையே கேடயமாகப் பிடித்தார். தால் போன்ற தாக்குதல்காரரைத் தடுக்க, தானே தாக்குகிற ஓப்பனிங். சிப்பாயைக் கொடுத்து நிம்மதியை வாங்குவது என்று அன்றைக்கே அதற்கு ஒரு குணம் வந்துவிட்டது.

இதுவரை இருவரும் நாளுக்கு ஒன்றாக அனுப்பிக்கொண்டிருந்தோம். அதன்பிறகுதான் எங்கள் ஆட்டம்.

எதிராளி செக் நாட்டுக்காரர். ஓய்வுபெற்ற பள்ளி ஆசிரியர். பெயர் சொல்ல மாட்டேன், அவரிடம் கேட்கவில்லை. நகர்வோடு ஒரு வரி எழுதுவார். "இங்கே பனி." "ஆப்பிள் மரம் பூத்துவிட்டது." "பேத்திக்குக் காய்ச்சல், இரண்டு நாள் தாமதம்." நான் இங்கே வெயிலைப் பற்றி எழுதுவேன். கரஸ்பாண்டன்ஸ் செஸ்ஸை உலக அளவில் நடத்தும் ஐசிசிஎஃப் அமைப்பின் குறிக்கோள் லத்தீனில் இரண்டே சொல்: அமிசி சுமுஸ். நாம் நண்பர்கள். முகம் பார்க்காத ஒருவரோடு 14 மாதம் இருந்த பிறகு அந்தச் சொற்கள் எனக்கு அலங்காரமாகத் தெரியவில்லை.

பிப்ரவரி 11, இரவு

இந்த ஓப்பனிங்குக்குப் பெயர் தந்த அமெரிக்க ஆட்டக்காரர் மார்ஷலைப் பற்றி ஒரு கதை உண்டு, சொல்லாமல் போனால் குறை. 1918, நியூயார்க். காபாபிளாங்காவுக்கு எதிராகவே இந்த வழியைப் பல ஆண்டுகள் யாருக்கும் காட்டாமல் ஒளித்து வைத்திருந்தாராம் மார்ஷல். அன்றைக்கு எடுத்து வீசினார். காபாபிளாங்கா பலகையின் முன்னால் உட்கார்ந்து, ஒவ்வொரு அடியையும் தானே கண்டுபிடித்துத் தடுத்து, 36 நகர்வில் ஜெயித்தார். தயாரிப்பு ஒரு பக்கம், தலை ஒரு பக்கம்.

பிப்ரவரி 12

நேற்று எழுதியதில் திருத்தம். ஆட்டம் உண்மை. ஒளித்து வைத்த கதை நிற்காது. எட்டாவது நகர்வில் டி5 தள்ளுவது 1893-இலேயே ஹவானாவில் ஆடப்பட்டிருக்கிறது. மார்ஷலே 1917-இல் நியூயார்க்கில் ஒருமுறை ஆடியிருக்கிறார். சின்ன வயதில் படித்த கதை, சரிபார்க்காமல் எழுதிவிட்டேன்.

இன்னொன்று. 1918-இல் பதினோராவது நகர்வில் மார்ஷல் குதிரையை எஃப்6-க்குப் பின்வாங்கினார். எங்கள் ஆட்டத்தில் வந்த சி6 (3736) அவரே பின்னாளில் கண்டது. தோற்ற ஆட்டத்தை விட்டுவிடாமல் வைத்துப் பார்த்து, சின்னதாக ஒரு சிப்பாய் நகர்வில் அதை நிமிர்த்தினார். அந்தச் சி6-தான் நூறு வருடம் கழித்தும் என்னை ஜெயிக்கவிடாமல் நின்றது. ஒளித்து வைத்த கதையைவிட இந்தக் கதை எனக்கு உயர்வாகப் படுகிறது.

பிப்ரவரி 13

இப்போது 24-ஆவது நகர்வு. இங்கேதான் என் மனம் திரும்பத் திரும்பப் போகிறது.

ராணிகள் இரண்டும் வெட்டுப்பட்டுப் போய்விட்டன. என் பி3 பிஷப் டி5-இல் நிற்கும் அவர் குதிரையைப் பார்த்துக்கொண்டிருக்கிறது. அந்தக் குதிரை எங்கே குதித்தாலும் தொல்லை. வெட்டினேன். 2345. அவர் சி சிப்பாயால் திருப்பி வெட்டினார், 3645.

இப்போது என் கூடுதல் சிப்பாய் எது என்று தெளிவாகத் தெரிந்தது: சி3-இல் இருப்பது. சி4 தள்ளினால் ஆட்டம் திறக்கும். அவருக்கு இரண்டு பிஷப், எனக்கு ஒரு பிஷப், ஒரு குதிரை. கணினி (சாதகத்தைச் சிப்பாய்க் கணக்கில்தான் சொல்லும்) எனக்குச் சாதகமாக முக்கால் சிப்பாய்க்கு மேல் காட்டியது. நாள் கணக்கில் ஓடவிட்டும் எண் இறங்கவில்லை. சந்தோஷமாகத் தூங்கினேன்.

அந்த எண் அதற்குப் பிறகு ஏறவும் இல்லை. 28 நகர்வு, ஒன்பது மாதம், கிட்டத்தட்ட அதே எண். அதைச் சந்தேகப்பட எனக்கு ஆறு மாதம் ஆனது.

பிப்ரவரி 13, மறுபடி

பிஷப்பை ஏன் மந்திரி என்று எழுதவில்லை என்று ஒருவர் கேட்டார். எங்கள் வீட்டில் மந்திரி என்றால் ராணி. அப்பா சொல்லிக்கொடுத்தபோது ராஜா, மந்திரி, யானை, குதிரை, சிப்பாய் என்றுதான் சொன்னார். பிஷப்புக்கு அவர் என்ன சொன்னார் என்று நினைவில்லை. பழைய பாரசீக ஆட்டத்தில் ராஜா பக்கத்தில் நின்றது மந்திரிதான், ஒரு கட்டம் மட்டும் குறுக்கே நகரும். இன்றைய பிஷப் நிற்கிற இடத்தில் அன்றைக்கு யானை. ரூக் நிற்கிற இடத்தில் தேர். நாம் மூலைக் காயை யானை என்கிறோம், தேரைக் காணோம். அப்பா ஆட்டத்தில் மந்திரி போனால் "ராஜ்ஜியம் போச்சு" என்பார், ராஜா இன்னும் உட்கார்ந்திருக்கும்போதே. குழப்பம் வராதிருக்கத்தான் பிஷப் என்று எழுதுகிறேன்.

பிப்ரவரி 15

27-ஆவது நகர்வு: 2224. பி4.

இதை அவர் என்னை ஆட வைத்தார் என்றுதான் சொல்ல வேண்டும். நான் ஆடாவிட்டால் அவர் பி5 சிப்பாயை பி4-க்குத் தள்ளுவார். நான் சி3-ஆல் வெட்ட, டி6 பிஷப் திருப்பி வெட்டும். என் கூடுதல் சிப்பாய் அங்கேயே செல்லாக்காசு. ஆகவே பி4-ஐ நானே அடைத்தேன். சரியான நகர்வு. கணினிக்கும் அதுதான் முதல்.

ஆனால் அதன் விலை சி4. இனி என் எந்தச் சிப்பாயும் சி4 கட்டத்தைக் காக்க முடியாது. பி3 தள்ளி விரட்ட வழியில்லை, பி சிப்பாய் தாண்டிப் போய்விட்டது. அங்கே ஒரு காய் வந்து உட்கார்ந்தால் சாகும்வரை உட்கார்ந்திருக்கும். என் கூடுதல் சிப்பாய்க்கு நேர் முன்னால்.

என் குதிரையை எஃப்3-க்குக் கொண்டுவந்தேன், இ5-இல் ஏற்றுவதற்காக. அவருடைய ஜி4 பிஷப் அந்தக் குதிரையை வெட்டலாம். நான் அதையே எதிர்பார்த்தேன். அது 'கெட்ட' பிஷப். வெள்ளைக் கட்டத்தில் ஓடுவது, அவர் சிப்பாய்களும் வெள்ளைக் கட்டத்தில். தன் வீட்டுச் சுவரிலேயே முட்டிக்கொள்ளும் பிஷப்பை என் நல்ல குதிரைக்கு மாற்றிக்கொள்வதுதானே யாரும் செய்வது?

அவர் வெட்டவில்லை. பிஷப்பைப் பின்னால் இழுத்துக்கொண்டார். அந்த நகர்வுக்கு அவர் 19 நாள் எடுத்தார், ஆட்டத்திலேயே அதிகம். கூட வந்த வரி: "இன்று நிறைய யோசித்தேன்."

பிப்ரவரி 15, இரவு

யானைகள் நான்கும் இ வரிசையிலும் ஏ வரிசையிலும் ஒன்றுக்கொன்று வெட்டுப்பட்டுப் போயின. என் குதிரை இ5-இல் ஏறியது, பின்னால் பிஷப்பை எஃப்4-இல் நிறுத்தினேன். அவர் டி6 பிஷப்பால், அதாவது 'நல்ல' பிஷப்பால், குதிரையை வெட்டினார். என் பிஷப் திருப்பி வெட்டி இ5-இல் நின்றது. பார்க்க அவ்வளவு அழகு.

மிச்சம்: என் கறுப்புக் கட்டப் பிஷப், அவருடைய வெள்ளைக் கட்டப் பிஷப். எனக்கு ஆறு சிப்பாய், அவருக்கு ஐந்து.

அவர் சிப்பாய்கள் எங்கே? பி5, டி5, எஃப்5, ஜி6, எச்5. ஐந்துமே வெள்ளைக் கட்டம். என் பிஷப் வாழ்நாள் முழுக்க ஓடினாலும் அவற்றில் ஒன்றைத் தொட முடியாது. அவருடைய 'கெட்ட' பிஷப் நேராக சி4-க்குப் போய் உட்கார்ந்தது. அங்கிருந்து ஒரு கையால் பி5, மறு கையால் டி5, முதுகால் என் சி சிப்பாயை அடைப்பு.

இதற்காகத்தான் அந்த 19 நாள்.

பிப்ரவரி 16

"ராஜாவைக் கூட்டிக்கொண்டு போக வேண்டியதுதானே" என்று கேட்பவர்களுக்கு. போனேன். மூன்று மாதம் அதைத்தான் செய்தேன். இரவு சாப்பாட்டுக்குப் பிறகு மேசையில் மரப் பலகையை விரித்து, கணினியை மூடிவிட்டு, என் ராஜாவைக் கையால் நடத்திப் பார்த்தேன்.

ராணி பக்கம் வழியில்லை. ஏ4-ஐ அவர் பி5 சிப்பாய் காக்கிறது. பி4, சி3, டி4-இல் என் சிப்பாய்களே சுவர். சி4-இல் பிஷப். நடுவில் இ4-ஐ டி5-உம் எஃப்5-உம் சேர்ந்து காக்கின்றன. மிச்சம் ஒரே சந்து: எஃப்4.

என் ராஜா எஃப்4-க்கு வந்தால் இ5-க்கு நுழையப் பார்க்கும். அப்போது அவர் ராஜா இ6-இல் நிற்க வேண்டும். நிற்கும். நான் ஜி5-க்குப் போனால் ஜி6 சிப்பாயைப் பார்க்கிறேன். அப்போது அவர் ராஜா எஃப்7-இல் நிற்க வேண்டும். இ6-இல் இருந்து எஃப்7 ஒரே அடி. நான் எஃப்4-க்குத் திரும்பினால் அவர் இ6-க்குத் திரும்புகிறார். நான் ஒரு அடி, அவர் ஒரு அடி. நான் எஃப்4-இல் நின்றுகொண்டு பிஷப்பைச் சும்மா ஆட்டினால், அவரும் பிஷப்பை சி4, பி3, சி4 என்று ஆட்டிக்கொண்டிருப்பார்.

என் மகள் (பத்து வயது) பக்கத்தில் நின்று பார்த்தாள். "அப்பா, ரெண்டு பேரும் பாண்டி விளையாடறாங்க" என்றாள். அதேதான். கட்டம் விட்டுக் கட்டம் தாவுகிறோம், கோட்டை மிதிக்க யாரும் தயாரில்லை.

அந்த நேரத்திலும் கணினியைத் திறந்தால் முக்கால் சிப்பாய் சாதகம் என்றது. பொய் சொல்லவில்லை. அதற்குக் காய்கள் தெரிகின்றன, பூட்டு தெரியவில்லை. சாதகம் நிஜமாக இருந்தால் நகர்வுக்கு நகர்வு அது வளர வேண்டும். ஒன்பது மாதம் அசையாத சாதகம் சுவரில் மாட்டிய படம்.

பிப்ரவரி 17

ஒரு வாசகர் சரியான கேள்வி அனுப்பினார்: சிப்பாயை ஜி4-க்குத் தள்ளி உடைத்தால்?

பார்த்தேன், எழுத விட்டுப்போனது. எஃப்3 போட்டுக்கொண்டு ஜி4 உடைத்தால் சிப்பாய்கள் இரண்டு பக்கமும் கரைகின்றன. எனக்கு எச் வரிசையில் ஒரு தனிச் சிப்பாய் மிஞ்சும். அவர் ராஜா அதன் முன்னால் போய் நிற்க நேரம் இருக்கிறது, பிஷப் சி4-ஐ விட்டுக் கிளம்பவே தேவையில்லை. எத்தனை வரிசை மாற்றி ஆடிப் பார்த்தாலும் ஏதாவது ஒரு அடி எனக்குக் குறைந்தது. ஒருமுறை மட்டும், நடு இரவில், ஜெயித்துவிட்டேன் என்று நினைத்தேன். காலையில் பார்த்தால் அவர் ராஜாவை ஒரு கட்டம் தவறாக வைத்திருக்கிறேன்.

பிப்ரவரி 17, பிற்பகல்

"கணினி வைத்து ஆடுவது ஏமாற்று இல்லையா?" இடத்தைப் பொறுத்தது. ஐசிசிஎஃப் போட்டிகளில் அனுமதி உண்டு. லிச்செஸ், செஸ்.காம் தளங்களில் நாள் கணக்கில் ஆடும் ஆட்டங்களில் தடை, அங்கே செய்தால் அது ஏமாற்றுதான். விதி தெரிந்து உட்கார வேண்டும், அவ்வளவுதான்.

பிப்ரவரி 19

"அந்தக் காலத்தில் கரஸ்பாண்டன்ஸில் ஜெயித்தார்களே" என்பதற்கு. ஜெயித்தார்கள். 1965-இல் தொடங்கி 1968-இல் முடிந்த ஐந்தாவது உலகப் போட்டியின் இறுதிச் சுற்றில் ஹான்ஸ் பெர்லினர் 16 ஆட்டத்தில் 12 வெற்றி, 4 டிரா. தோல்வியே இல்லை. அதில் எஸ்ட்ரினுக்கு எதிரான ஆட்டம் இரண்டு குதிரைத் தடுப்பு என்ற ஓப்பனிங். பத்தாவது நகர்வில் 5554 என்று சிப்பாயைத் தள்ளி, ஒரு குதிரையையே கொடுத்து, வருடக்கணக்கில் தொடர்ந்த தாக்குதல். ஒவ்வொரு நகர்வையும் தலையால் கண்டவர் பெர்லினர். பின்னாளில் கணினிக்குச் செஸ் சொல்லிக்கொடுக்கும் ஆராய்ச்சியில் இறங்கியவரும் அவரே.

இப்போது? 2022-இல் முடிவு வந்த 32-ஆவது உலகப் போட்டியில் அமெரிக்கரான ஜான் எட்வர்ட்ஸ் சாம்பியன். இறுதிச் சுற்றில் மிகப் பெரும்பாலான ஆட்டங்கள் டிரா. கையளவு வெற்றிகள்தான் பட்டத்தையே தீர்மானித்தன. இதை நான் மறைக்கவில்லை. வெற்றி அரிதாகிவிட்டது, எனக்கும் வருத்தம் உண்டு. ஆனால் டிரா என்று எழுதியிருப்பதற்குள் என்ன நடந்தது என்று திறந்து பார்க்காமல் "எல்லாம் டிராதானே" என்பதுதான் எனக்கு ஒப்பவில்லை. என் ஆட்டத்தில் ஒரு மனிதர் 19 நாள் உட்கார்ந்து, நல்ல பிஷப்பைக் கொடுத்துக் கெட்ட பிஷப்பை வைத்துக்கொள்ள முடிவெடுத்தார். பலகையில் அப்போது யானைகள் எல்லாம் இருந்தன. கணினி அந்த நகர்வை அவருக்கு முதலாவதாகக் காட்டியிருக்காது, எனக்குக் காட்டவில்லை.

பிப்ரவரி 20

அஞ்சலில் பிறந்த ஓப்பனிங்குகள் என்று ஒருவர் கேட்டிருந்தார். நினைவிலிருந்து:

ஸ்காட்ச். 1824 முதல் 1828 வரை லண்டனும் எடின்பரோவும் கடிதத்தில் ஆடிய போட்டி. ஐந்து ஆட்டம், எடின்பரோ இரண்டு வெற்றி, லண்டன் ஒன்று, இரண்டு டிரா. மூன்றாவது நகர்வில் டி4 தள்ளும் வழியை முதலில் ஆடியது லண்டன். அதன் பலத்தைப் பார்த்து எடுத்துக்கொண்டது எடின்பரோ, பெயரும் அவர்கள் நாட்டுக்கே போயிற்று. ஹங்கேரியன் தடுப்பு, 1842-இல் தொடங்கிய பாரிஸ்–பெஸ்ட் போட்டியில் இருந்து. ஸ்பானிஷில் ரீகா வழி, 1906-07-இல் பெர்லினும் ரீகாவும் ஆடியதில் இருந்து. ஊர்கள் ஊர்களோடு ஆடிய காலம்.

பிப்ரவரி 20, இரவு

நான் அஞ்சலட்டையில் தொடங்கியவன். தொண்ணூறுகளில். பத்து நகர்வுக்கு 30 நாள், கடிதம் வழியில் கிடக்கிற நாள் கணக்கில் சேராது. ஐரோப்பாவுக்குப் போய்த் திரும்ப மூன்று வாரம் ஆகும். தபால்காரர் சைக்கிள் மணி கேட்டால் வாசலுக்கு ஓடுவேன். ஒரு போலந்துக்காரர் 1-ஐ மேலே கொக்கி போட்டு எழுதுவார், எனக்கு அது 7 மாதிரி தெரியும். 1141 என்று யானையை நகர்த்தியிருக்கிறார். நான் 7747 என்று படித்து, அப்படி ஒரு நகர்வே இல்லையே என்று இரண்டு நாள் தவித்தேன். அவருடைய 7-க்கு நடுவில் குறுக்குக் கோடு இருப்பதைப் பழைய அட்டைகளை அடுக்கிப் பார்த்துத்தான் கண்டேன். அதன்பிறகு நானும் 7-க்குக் குறுக்குக் கோடு போட ஆரம்பித்தேன். இன்றைக்கும் மளிகைக் கணக்கில் கூட அப்படித்தான் போடுகிறேன்.

செக் நண்பரிடம் இதைச் சொன்னேன். தன்னிடம் மூன்று பெட்டி நிறைய அட்டைகள் இருப்பதாகவும், மார்ஷலை அட்டைக் காலத்திலிருந்தே கறுப்பில் ஆடுவதாகவும் எழுதினார். அப்போதுதான் புரிந்தது. எனக்கு இது புத்தகத்தில் பார்த்த ஓப்பனிங். அவருக்கு அது குடியிருந்த வீடு. எந்தக் கதவு எங்கே திறக்கும் என்று இருட்டிலேயே தெரியும்.

பிப்ரவரி 23

13-ஆம் தேதி எழுதியதற்கு மறுயோசனை. 24-ஆவது நகர்வில் குதிரையை வெட்டியதுதான் தவறு என்ற தொனியில் எழுதிவிட்டேன். இந்த வாரம் அந்த நிலையிலிருந்து மறுபடி ஆடிப் பார்த்தேன், பிஷப்பை பி3-இலேயே வைத்துக்கொண்டு. அவர் குதிரை எஃப்6 வழியாக வெளியே வருகிறது, இரண்டு பிஷப்பும் ராஜாவைச் சுற்றுகின்றன. சிப்பாயைத் திருப்பிக் கொடுத்தால்தான் நிம்மதி. அதுவும் டிரா, இன்னும் சீக்கிரம். ஆகவே 2345 தவறில்லை. பி4-உம் தவறில்லை. நான் தவறு என்று எதையும் காட்ட முடியவில்லை, அவரும் ஒரு தவறும் செய்யவில்லை.

மாற்றி ஆடுவதானால் எட்டாவதிலேயே மாற வேண்டும். 3233-க்குப் பதில் 1214, ஏ4. மார்ஷலையே வரவிடாமல் தடுப்பது. காஸ்பரோவ் 1993-இல் ஷார்ட்டோடு ஆடியபோது அப்படித்தான் செய்தார். நல்ல வழி. எனக்கு மட்டும் அந்தச் சிப்பாய் வேண்டியிருந்தது.

பிப்ரவரி 24

டிரா கேட்டது யார் என்று ஒருவர். நான். 51-ஆவது நகர்வோடு எழுதியிருக்கலாம், கை வரவில்லை. 52-ஆவதில் எழுதினேன். கூடவே, "உங்கள் சி4 பிஷப்பைப் பார்த்துக்கொண்டே மூன்று மாதம் தூங்கியிருக்கிறேன்" என்றும் எழுதினேன். ஒரு மணி நேரத்தில் ஒப்புக்கொண்டு பதில் வந்தது. "அந்தப் பிஷப்பை நானும் 1987-இல் ஒருவரிடம் பார்த்துக்கொண்டு தூங்கினேன். அப்போது வெள்ளை எனக்கு."

மார்ச் 18

புதுப் போட்டி தொடங்கியிருக்கிறது. எதிராளி பிரேசில்காரர், கறுப்பு எனக்கு. முதல் ஏழு நகர்வும் விறுவிறுவென்று வந்துவிட்டன, அதே ஸ்பானிஷ். 1423, பிஷப் பி3-க்கு. 5878 அனுப்பினேன்.

இன்று காலை அவரிடமிருந்து 3233.

அனுப்புவதற்கு 50 நாளில் பெரும்பகுதி மிச்சம் இருந்தது. காபி ஆறுவதற்குள் 4745 அனுப்பிவிட்டேன்.